பழைய வளவில் காசு தேடுவது எப்படி: யாழ்ப்பாணத்துக்கு ஏற்ற முழுமையான வழிகாட்டி

யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் பழைய பண்ணை வீட்டின் பின்புறத்தில் மெட்டல் டிடெக்டரோடு நடக்கிறார். மெஷின் கத்துகிறது, குனிந்து தோண்டுகிறார், விக்டோரியா காலத்துக் காசு ஒன்று வெளியே வருகிறது. அதைப் பார்த்தவுடன் நம்மவர் பலருக்கும் அம்மம்மாவின் வளவு ஞாபகத்துக்கு வரும். அதிலும் விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள், பெட்டிக்குள் ஒரு டிடெக்டரைப் போட்டுக்கொண்டு வரலாமா என்று கேட்கிறார்கள்.

காசு இருக்கிறதா என்றால், நிச்சயம் இருக்கிறது. சோழர், யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று எல்லோரும் காசு புழங்கவிட்ட மண் இது. ஆனால் மெஷின் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் காசு தேட ஒரு சல்லடை, ஒரு காந்தம், வீட்டைப் பற்றித் தெரிந்த ஒரு முதியவர், கொஞ்சம் பொறுமை, இவ்வளவும் போதும்.

மெஷினை ஏன் விட வேண்டும்

முதற்காரணம் உயிர். போர்க்காலத்தில் இங்கே புதைக்கப்பட்ட மிதிவெடிகளில் பல பிளாஸ்டிக் உடல் கொண்டவை. அவற்றுள் இருக்கும் உலோகம் ஒரு சிறு துண்டுதான். டிடெக்டரில் அது எழுப்பும் ஒலியும் சின்னக் காசு ஒன்று எழுப்பும் ஒலியும் கிட்டத்தட்ட ஒன்றே. வெளிநாட்டுக் காணொளியில் அந்த ஒலி கேட்டதும் மண்வெட்டியை எடுக்கிறார்கள். வெடி அகற்றுகிறவர்கள் அதே ஒலியைக் கேட்டதும் அடையாளம் வைத்துவிட்டு, படுத்திருந்து விரல் விரலாக மண்ணை விலக்குகிறார்கள். முன்னரங்கமாக இருந்த இடம், உயர் பாதுகாப்பு வலயமாக இருந்து விடுவிக்கப்பட்ட காணி, நெடுங்காலம் பூட்டிக் கிடந்த வளவு இவற்றில் கால் வைப்பதற்கு முன், வெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட இடமா என்று கிராம சேவகரிடம் கேளுங்கள். அகற்றிய காணியிலும் வெடிக்காத ஷெல் ஒன்று ஆழத்தில் கிடக்கலாம். சந்தேகமான பொருள் கண்ணில் பட்டால் தொடவேண்டாம், தடியால் தட்டிப் பார்க்கவும் வேண்டாம். வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பிப் போய் 119க்கு அழையுங்கள்.

இரண்டாவது சட்டம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, தொல்பொருளைத் தேடி அகழ்வதற்கு உரிமம் வேண்டும். சொந்தக் காணியாக இருந்தாலும் இதே விதிதான். 'என்ர காணி, நான் தோண்டுவன்' என்ற பேச்சு அங்கே செல்லாது. தொல்பொருள் என்பதற்குச் சட்டம் ஒரு எல்லை வைத்திருக்கிறது: 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. காசுகளும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. புதையல் தோண்டப் போய் ஸ்கேனரோடு பிடிபட்டவர்களின் செய்தி பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. அந்த வரிசையில் போய் நிற்கத் தேவையில்லை.

மூன்றாவது, மெஷினால் உண்மையில் பெரிய பயனும் இல்லை. டிடெக்டர் மண்ணுக்குள் காந்தப் புலத்தை அனுப்பி, அங்குள்ள உலோகத்தில் எழும் மின்சுழலை உணர்ந்து ஒலிக்கிறது. இரும்பையும் செம்பையும் ஓரளவு பிரித்துச் சொல்லும். ஆனால் பித்தளை ரவைக்கோதையும் செப்புக்காசையும் பிரிக்கத் திணறும். நம் வளவுகளில் ரவைக்கோது, தகரத் துண்டு, முள்ளுக்கம்பி, ஷெல் சிதறல் என்று கிடக்கும் கணக்கைப் பார்த்தால் மெஷின் வாய் மூடாது. வலிகாமத்துச் செம்மண்ணில் இரும்புச் சத்து வேறு. தீவுப் பகுதிக்குப் போனால் உப்பு ஈரம். இரண்டும் மெஷினைக் குழப்புகிறவை.

அப்படியென்றால் காசு எப்படிக் கிடைக்கும்? வீடு திருத்தும்போது, கிணறு இறைக்கும்போது, தோட்டம் கொத்தும்போது, மலக்குழி வெட்டும்போது மண் எப்படியும் புரளத்தான் போகிறது. அந்த மண்ணைக் கொட்டிவிடாமல் பார்ப்பதுதான் நம் வேலை. வேறு வேலைக்காக வெட்டிய மண்ணைப் பார்ப்பதும் காசுக்காகவே வெட்டுவதும் ஒன்றல்ல. இந்த வழிகாட்டி முழுவதும் முதலாவதைப் பற்றியது.

தொடங்குவதற்கு முன்: யாருடைய காணி, யாருக்கு நினைவிருக்கிறது

காணி யாருடைய பெயரில் இருக்கிறது என்று உறுதியைப் பாருங்கள். இங்கே பல வளவுகள் இன்னும் பிரிக்கப்படாமல் கனடாவில் இரண்டு பேர், பிரான்சில் ஒருவர், கொழும்பில் ஒருவர் என்று பங்குக்காரர்களோடு கிடக்கின்றன. ஒரு வட்ஸ்அப் செய்தி போட்டு எல்லோரிடமும் சொல்லிவிட்டே தொடங்குங்கள். கிடைப்பது பெறுமதியில்லாத ஒரு சதமாக இருந்தாலும், 'அண்ணா வளவிலிருந்து தங்கம் எடுத்துவிட்டார்' என்ற கதை அதைவிட வேகமாகப் பரவும்.

அடுத்து, அந்த வீட்டில் வளர்ந்த வயதானவரைப் பிடியுங்கள். ஒரு கொப்பியில் வளவின் படத்தைக் கீறிக்கொண்டு போய் அருகே உட்காருங்கள். 'காசு எங்கே கிடைக்கும்?' என்று கேட்டால் சிரிப்பார்கள். 'ஆச்சி, முந்திப் படலை இஞ்சையோ இருந்தது?' என்று கேளுங்கள். 'இஞ்சையில்லை மோனை, அந்த வேம்புக்குப் பக்கத்தில. மதில் கட்டேக்கைதான் இஞ்சால மாத்தினது' என்று ஒரு பதில் வரும். அந்த ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பு எந்த மெஷினுக்கும் இல்லை. பழைய படலை, பழைய குசினி, மாட்டுக்கொட்டில், வைக்கோல் போர், குப்பை போட்ட மூலை, சுருட்டுக் கொட்டில் இருந்ததென்றால் அது, தூர்ந்த கிணறு, பங்கர் வெட்டி மூடிய இடம் எல்லாவற்றையும் படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பங்கர் மூடிய இடத்தை வேறு நிறத்தில் குறியுங்கள். அங்கே கை வைக்க வேண்டாம்.

வீட்டுக்குள்ளே

நாற்சார் வீடென்றால் மேலே தொடங்கிக் கீழே வாருங்கள். கூரை பிரிக்கும்போது சுவரின் மேற்பரப்புக்கும் வளைக்கும் இடையிலுள்ள இடைவெளியை ஒருவர் கையால் தடவிப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் முக்கியமான எதையும் கூரை இறப்பில் செருகி வைப்பதுதான் வழக்கம்: வரிச் சிட்டை, அடகுத் துண்டு, துணியில் முடிந்த சில்லறை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அங்கே முதலில் குடியிருப்பது மட்டத்தேள்.

சாமி அறையில் மஞ்சள் துணியில் முடிந்த காசு கிடைத்தால் அது யாரோ நேர்ந்து வைத்த நேர்த்திக்கடன். எந்தக் கோயிலுக்கென்று வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் அவிழ்க்க வேண்டும். நான் அவிழ்க்கவே மாட்டேன் என்பது வேறு கதை.

பெட்டகத்தைத் தச்சரைக் கொண்டு பார்ப்பது நல்லது. உள்ளே சிறு தட்டு, அதன் பின்னால் இன்னொரு இரகசியத் தட்டு என்று செய்திருப்பார்கள். தூக்கிக் கவிழ்த்துத் தட்டினால் பலகை பிளந்துவிடும். மலாயாவில் உத்தியோகம் பார்த்துவிட்டுப் பென்சனோடு திரும்பியவர்களின் வீடென்றால் பெட்டகத்தில் அந்த ஊர்க் காசும் இருக்கும். வாழைமரம் அச்சிட்ட தாள் கிடைத்தால், அது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மலாயாவை ஆண்ட ஜப்பானியர் அடித்த பணம்.

கீழே வந்தால் திண்ணையின் உள் விளிம்பு, தூணின் அடி, வாசற்படிக் கல்லின் இடுக்கு. திண்ணையில் இருந்து வெற்றிலை போட்டவர்கள் மடியிலிருந்த கொட்டைப்பெட்டியைத் திறந்து மூடும்போதெல்லாம் சில்லறை நழுவும். பழைய தரை சாணம் மெழுகிய மண்தரை. விழுந்த காசின் மேல் மெழுகிக்கொண்டே போயிருப்பார்கள். பின்னர் அதன் மேல் சீமெந்து போட்டிருப்பார்கள். தரையை உடைக்கும்போது சீமெந்துக்குக் கீழே கருஞ்சாம்பல் நிறத்தில் படை படையாக வருவது அந்த மெழுக்குத்தான். அதைத் தனிச் சாக்கில் போடுங்கள். வீட்டில் அரிக்க வேண்டிய மண் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

வருஷப்பிறப்புக்குக் கைவியளமாக வாங்கிய காசைப் பிள்ளைகள் ஒளிக்கிற இடங்கள் தனி: சுவரில் கல் பெயர்ந்த பொந்து, கதவு நிலையின் பின்புறம், மூங்கில் கம்பின் உள். சாந்து கொத்தும் மேசனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவருக்கும் ஒரு பங்கோ சந்தோஷமோ இருக்கிறதென்று தெரிந்தால் கண் கூர்மையாகிவிடும்.

அத்திவாரத்தை உடைக்க நேர்ந்தால், அடிக்கல் வைத்தபோது இட்ட காசும் பொன் துண்டும் மூலையில் வரக்கூடும். பல குடும்பங்கள் அதை எடுத்துப் புது வீட்டு அத்திவாரத்திலேயே மறுபடி வைத்துவிடுகின்றன. நல்ல வழக்கம் அது.

கொட்டில், எரு, தோட்டம்

இதைத்தான் அதிகம் பேர் கவனிக்காமல் விடுகிறார்கள். வீட்டில் விழுந்த காசு வீட்டிலேயே கிடப்பதில்லை. காலையில் முற்றம் கூட்டினார்கள். கூட்டிய குப்பை, அடுப்புச் சாம்பல், மாட்டுக்கொட்டில் சாணம் எல்லாம் ஒரே கும்பியில் சேர்ந்தது. கும்பி உக்கியதும் மாட்டு வண்டிலில் ஏற்றிப் புகையிலைத் தோட்டத்துக்கோ வெங்காயத் தோட்டத்துக்கோ பரவினார்கள். அந்தக் கும்பியோடு காசும் போனது. அதனால்தான் வீடே இல்லாத தோட்டத் தறையில், கிணற்றிலிருந்து எட்டத்தில், கொத்தும்போது ஒரு ஒல்லாந்தக் காசு மேலே வருகிறது. யாரும் அங்கே புதைக்கவில்லை. எருவோடு வந்தது.

ஆகவே கொட்டிலில் மாடு கட்டிய இடத்தைவிட, கொட்டிலின் வாசலையும் பழைய கும்பி இருந்த மூலையையும் பாருங்கள். பால் வாங்க வந்தவர்கள் வாசலில் நின்றுதான் காசு கொடுத்தார்கள். கும்பி இருந்த இடத்தில் மண் கறுத்து, உதிரியாக, உடைந்த சட்டி ஓடும் சாம்பலுமாக இருக்கும்.

தோட்டத்தில் நடக்கச் சரியான காலம் மாரி மழை ஒன்று கழுவிவிட்டுப் போன மறுநாள் காலை. மழை சுற்றியுள்ள மண்ணை அரிக்கும், காசுக்குக் கீழுள்ள மண்ணை அரிக்காது. காசு ஒரு சிறு மண் மேட்டின் மேல் தனித்து நிற்கும். சூரியன் தாழ இருக்கும் நேரத்தில், வெயிலை எதிர்நோக்கி மெதுவாக நடவுங்கள். செம்மண்ணில் செம்புக் காசு பச்சையாகத் தெரியும். மேலே கிடப்பதை மட்டும் எடுங்கள். பயிர் நிற்கும் பாத்திக்குள் இறங்காதீர்கள். கந்தரோடை போன்ற பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களிலும் அவற்றின் சுற்றிலும் இதைக் கூடச் செய்யக்கூடாது.

கிணற்றடியில் குளித்த இடமும், உடுப்புத் தோய்த்த கல்லின் சுற்றும், வாழைக்குப் போகும் வாய்க்காலின் முதல் வளைவும் நல்ல இடங்கள். கிணறு இறைத்துச் சேறு அள்ளும்போது அந்தச் சேற்றை ஒரு தகரத்தின் மேல் பரப்பிக் காயவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: எண்ணெயில் ஓடும் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கக்கூடாது. புகை கீழே தங்கி, இறங்குகிறவரைக் கொல்லும்.

அரிக்கும் முறை

ஈர மண்ணை அரிக்க முயலாதீர்கள். வெயிலில் காயவைத்துக் கட்டியைக் கையால் நொறுக்குங்கள். மண்வெட்டியின் பின்புறத்தால் அடிக்க வேண்டாம், காசில் வெட்டு விழும். மேசன்மார் மணல் அரிக்கும் கால் அங்குலக் கம்பி வலையில் முதலில் போட்டுக் கல்லும் வேரும் நீக்குங்கள். வலையில் தங்கியதைக் கையால் கிளறிப் பாருங்கள், பெரும்பாலான காசுகள் அங்கேயே நின்றுவிடும். கீழே விழுந்த மண்ணைக் குசினி அரிதட்டு ஒன்றில் மறுபடி அரியுங்கள். பணம் என்ற பெயருள்ள சிறு பழங்காசுகளும், பாதிங் என்ற ஆங்கிலக் காசின் காற்பங்கான காற்பாதிங் போன்றவையும் அதில்தான் நிற்கும்.

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு பொலித்தீன் பையில் போட்டு மிச்சத்தின் மேல் ஓட்டுங்கள். ஆணி, கம்பி எல்லாம் அதில் ஒட்டிவிடும். பையை உரித்தால் சுத்தமாகக் கொட்டலாம். செம்பு, வெள்ளி, பித்தளைக் காசுகள் ஒட்டா. ஒட்டிக்கொண்டு வந்த காசு அண்மைக்கால உருக்குக் காசாக இருக்கும்.

ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடித உறையில் போட்டு, எந்த இடம், எந்தப் படை, கூட என்ன வந்தது என்று உறையிலேயே எழுதுங்கள். இடம் தெரியாத காசு பாதிக் கதையைத் தொலைத்த காசு.

என்ன கிடைத்திருக்கிறது

வாங்கி வைத்த ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியும், பக்கவாட்டில் பிடித்த டோர்ச்சும் போதும். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் எழும்பி வரும்.

அதிகம் எதிர்பார்க்க வேண்டியது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் செப்புச் சல்லி. ஒரு பக்கம் பெரிய 'வி' எழுத்து, அதன் இரு கைகளிலும் 'ஓ'வும் 'சி'யும் பின்னியிருக்கும். கீழே ஆண்டு. 1726இலிருந்து அந்த நூற்றாண்டின் இறுதிவரை அடித்தவை இவை. மறுபக்கத்துச் சின்னம் எந்த ஒல்லாந்து மாகாணத்தில் அடித்தது என்று சொல்லும். இவை எங்கும் கிடைப்பவை. பணக்காரராகிவிடலாம் என்று எண்ணாதீர்கள். ஒல்லாந்தர் உள்ளூரில் அடித்த தடித்த, ஒழுங்கற்ற ஸ்ரூவர் என்ற காசுகள் வேறு. அவற்றில் கொழும்புக்கு 'சி', காலிக்கு 'ஜி' என்பதுபோல் யாழ்ப்பாணத்துக்கு 'ஐ' எழுத்து இருக்கும். அது கிடைத்தால் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கலாம்.

ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, கீழே தமிழில் 'சேது' என்றிருந்தால் அது ஆரியச்சக்கரவர்த்திகளின் சேது நாணயம். நம் அரசர்களே அடித்த காசு. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தென்றால் இராசராசன் பெயரிலான சோழர் காசு. தேய்ந்துபோனால் உருவம் குச்சி குச்சியாகத்தான் தெரியும்.

யானை உருவம் போட்டது ஆங்கிலேயரின் தொடக்க காலம். 1821இன் றிக்ஸ்டொலர் என்ற வெள்ளிக் காசிலும் யானைதான். 1815 என்று பொறித்த யானைக் காசைக் கையில் வைத்துக்கொண்டு, மார்ச் 2க்கு முன்னரா பின்னரா என்று வாதாடிக்கொண்டிருக்காமல் உரியவர்களிடம் காட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு 1828 முதல் இலங்கைக்கென்றே அடித்த அரைப்பாதிங் வருகிறது. அதில் இலங்கை என்ற பெயரே இருக்காது, இங்கிலாந்துக் காசென்று தூக்கி எறிந்துவிடுவார்கள். 1870ஆம் ஆண்டு பொறித்த செப்புச் சதங்களில் பனையினத்து மரம் ஒன்று நிற்கும். வெள்ளிப் பத்துச் சதமும் இருபத்தைந்து சதமும் 1892இலிருந்து.

சதுரக் காசில் பலரும் தடுமாறுவார்கள். வெண்ணிறமாக, மூலை மழுங்கிய சதுரமென்றால் 1909இலிருந்து வந்த நம் ஐந்து சதம். செம்பு நிறச் சதுரமென்றால் மலாயாவின் ஒரு சதம், 1919இலிருந்து வந்தது. ஒரு பென்சன்காரர் வீட்டு முற்றத்தில் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும். விளிம்பு பூவிதழ் போல் வளைந்த மஞ்சள் இரண்டு சதம் 1944இலிருந்து.

இந்து தெய்வ உருவங்களோடு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் பொறித்த காசு கிடைத்தால் அது கம்பனி அடித்த காசே அல்ல. கோயில் தெருக்களில் விற்ற வில்லை. அது அரிசியை இழுக்கும், கோடி போகும் என்று யாராவது தொலைபேசியில் பேசினால் தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

கழுவாமல் காப்பது

குத்துவிளக்குக்குப் புளியும் சாம்பலும் போடுவது போல் காசுக்குப் போடக்கூடாது. தேசிக்காய், பிராசோ, பற்பசை எதுவும் வேண்டாம். மேலே படிந்திருக்கும் வழுவழுப்பான கரும்பச்சைப் படிவம்தான் உள்ளே இருக்கும் எழுத்தைக் காக்கிறது. அது போனால் எழுத்தும் போகும்.

மண் போகவேண்டுமென்றால் பற்றரிக்கு விடும் வடித்த நீரில் சில நாள் ஊறப்போட்டு, நீரை மாற்றிக்கொண்டே இருங்கள். நம் கிணற்று நீரில் சுண்ணாம்பு, தீவுகளில் உப்பு. சுண்ணாம்பு வெண்படலம் விடும், உப்பு செம்பை அரிக்கும். இளகிய மண்ணை ஈர்க்கு நுனியால் தள்ளுங்கள், ஊசியால் அல்ல. நிழலில் நன்றாக உலர்த்திக் கடதாசி உறையில் வையுங்கள். மலிவான மெதுபிளாஸ்டிக் அல்பம் காலம் போகப் பிசுபிசுத்துக் காசையும் பச்சையாக்கும். வெளிர்பச்சைத் தூள் கொட்டும் காசு இருந்தால் அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். அது உப்பால் வந்த அரிப்பு, ஈரம் பட்டால் தொடர்ந்து தின்னும்.

அறிவிப்பதும், திருப்பிக் கொடுப்பதும்

1815க்கு முந்திய காசு கிடைத்தால் கிராம சேவகரிடமோ பொலிஸிலோ தொல்லியல் திணைக்களத்திலோ அறிவியுங்கள். படம், கிடைத்த இடம், நாள் எல்லாம் உங்கள் கொப்பியில் இருந்தால் பேச்சு இலகுவாக முடியும். அத்திவாரம் வெட்டும்போது முட்டியோடு காசுக் குவியல் வந்தால் அந்த இடத்தில் வேலையை நிறுத்துங்கள். முட்டியைத் தூக்கவேண்டாம். காசு எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்பதையும் ஆய்வாளர்கள் பார்க்க வேண்டும். 1980இல் ஆனைக்கோட்டையில் கிடைத்த பழைய எழுத்துப் பொறித்த முத்திரை புதைகுழியோடு சேர்ந்து கிடைத்ததால்தான் இன்றுவரை அதைப்பற்றிப் பேச முடிகிறது. ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருட்காட்சிச் சாலைக்கு ஒருமுறை போய் வரலாம்.

போத்தலுக்குள்ளோ பால்மா ரின்னுக்குள்ளோ சுற்றிப் புதைத்த நகை கிடைத்தால் அது வேறு விஷயம். 1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களில் பலர் கொண்டுபோக முடியாததை வளவில் புதைத்துவிட்டுப் போனார்கள். சிலர் திரும்பி வரவில்லை, சிலர் வந்தும் இடத்தைக் கண்டுபிடிக்கவில்லை. அந்த நகைக்குச் சொந்தக்காரர் உண்டு. அந்தக் காலத்தில் வீட்டில் இருந்தவர்கள் யார், அயலில் யார் புதைக்கக் கொடுத்தார்கள் என்று விசாரித்து, சாட்சிக்கு இருவரை வைத்துக்கொண்டு கையளியுங்கள்.

வெளிநாட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு: தொல்பொருளை உரிமமில்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோவது குற்றம். ஒரே ஒரு சல்லியாக இருந்தாலும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டி திறக்கும்போது 'அம்மம்மா வீட்டில எடுத்தது' என்ற விளக்கம் எடுபடாது. விக்டோரியாவின் ஒரு சதமென்றாலும் கொண்டுபோக உரிமம் வேண்டுமா என்று முதலில் திணைக்களத்தில் கேளுங்கள். சேது காசை ஒரு நல்ல படமாக எடுத்துக்கொண்டு போங்கள்.